எந்த ஓனர்?

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் மாடியிலிருந்து பீரோ இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே இருவர், கீழே ஒருவர். "அண்ணே, சாய்ச்சுப் பிடி... சுவர்ல இடிக்குது பாரு" என்று படிக்கட்டிலிருந்து குரல் வருகிறது. வீட்டுக்கார அம்மா சாமி படங்களையும் குத்துவிளக்கையும் யாரிடமும் கொடுக்காமல் தனிப் பையில் வைத்திருக்கிறார். பால் காய்ச்ச வேண்டிய பாத்திரம் எந்தப் பெட்டிக்குள் போனது என்ற தேடல் ஒரு பக்கம் நடக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் வண்டியோடு வந்த மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டுகிறார். "சார், இங்க ஒரு கையெழுத்து." பொடி எழுத்தில் முழுக்க ஆங்கிலம். வண்டி கிளம்ப வேண்டும், சாவியை ஒப்படைக்க வேண்டும், யார் உட்கார்ந்து வாசிப்பது? கையெழுத்து விழுகிறது. அந்தத் தாளின் ஓரத்தில் பெரும்பாலும் மூன்று சொற்கள் இருக்கும்: அட் ஓனர்ஸ் ரிஸ்க்.

தமிழ்நாட்டில் ஓனர் என்றால் ஹவுஸ் ஓனர். இல்லாவிட்டால் லாரி ஓனர், கடை ஓனர். இருபது வருடம் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளிய குடும்பம் தன்னை ஒருநாளும் ஓனர் என்று நினைத்திருக்காது. அந்தத் தாளில் மட்டும் அவர்கள்தான் ஓனர். ஏறிப்போகிற பீரோவுக்கும் கட்டிலுக்கும் டிவிக்கும் உடைமைக்காரர் என்ற பொருளில் அந்தச் சொல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. வழியில் எது உடைந்தாலும் உடைமைக்காரர் பாடு என்பதுதான் அதன் அர்த்தம். 'ஓனர் ரிஸ்க்' என்பதை லாரி ஓனரின் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டு ஒருவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் புழங்குகிற அதே சொல், அந்தத் தாளில் நேர் எதிர்ப் பொருளில் நிற்கிறது.

வீடு மாற்றித் தரும் தொழிலில் நடக்கும் தகராறுகளில் கணிசமானவை இப்படிச் சொற்களிலிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டு தரப்பும் ஒரே சொல்லைச் சொல்கின்றன, ஆளுக்கொரு பொருளில். பொருள் தெரிந்த தரப்பு தாளை அச்சடிக்கிறது. தெரியாத தரப்பு கையெழுத்துப் போடுகிறது. இந்த நிலையை மாற்ற அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு பக்கம் தமிழ் போதும்.

முதலில் அந்த மூன்று சொற்களின் கதையை முடித்துவிடலாம். அவை அச்சாகியிருப்பதாலேயே நிறுவனம் தப்பித்துவிட முடியாது. நாத் பிரதர்ஸ் எக்ஸிம் எதிர் பெஸ்ட் ரோடுவேஸ் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. 'உடைமைக்காரர் பொறுப்பில்' என்று எழுதியிருந்தாலும், தன் கவனக்குறைவுக்கும் தன் ஆட்களின் கவனக்குறைவுக்கும் சரக்கு ஏற்றிச் செல்பவர் பதில் சொல்லியே தீர வேண்டும். அப்போது நடைமுறையில் இருந்தது 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டம். அதன் இடத்தில் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு, 2011-இல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. பொருள் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ, லாரிக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று பொருளை இழந்தவர் நிரூபிக்கத் தேவையில்லை என்று புதிய சட்டமும் சொல்கிறது. வாடிக்கையாளர் பக்கம் நிற்கிற சட்டம்தான். ஆனால் உடைந்த கண்ணாடி மேசையைக் காட்டிப் போன் செய்பவருக்கு, "நீங்கதான் சார் ஓனர் ரிஸ்க்ல சைன் பண்ணியிருக்கீங்க" என்ற பதில் வந்தால், பத்தில் ஒன்பது பேர் அத்தோடு போனை வைத்துவிடுவார்கள்.

அதே சட்டத்தில் குடும்பங்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்கும் உண்டு. தனியாகக் கூடுதல் கட்டணம் பேசிக் கட்டாதவரை, நிறுவனத்தின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: வண்டிக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு. அதுவும் தாளில் எழுதிக் கொடுத்த சரக்கு மதிப்பைத் தாண்டாது. மதுரையிலிருந்து சென்னைக்கு 18,000 ரூபாய் வாடகை பேசினால், வரம்பு 1,80,000 ரூபாய். வீட்டுச் சாமானின் மதிப்பு 4,00,000 ரூபாய் என்றாலும் அதுதான் எல்லை. மேற்பார்வையாளர் மதிப்பு என்ற கட்டத்தில், கேட்காமலே 50,000 என்று எழுதிவிட்டுப் போனால் எல்லை இன்னும் இறங்கி 50,000-இல் நிற்கும். 'டிக்ளேர்டு வேல்யூ' என்ற அந்தக் கட்டத்தைச் சும்மா நிரப்ப வேண்டிய சடங்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். வரி போடுவார்களோ, செக்போஸ்ட்டில் நிறுத்துவார்களோ என்று பயந்து தாங்களாகவே குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. அந்தப் பயம் தேவையில்லாதது. பயன்படுத்திய வீட்டு உபயோகப் பொருள்களுக்கு ஈ-வே பில் வேண்டாம் என்று ஜிஎஸ்டி விதிகளில் 138-ஆம் விதியின் இணைப்புப் பட்டியலே விலக்கு கொடுத்திருக்கிறது.

இதைவிட ஆழமான குழி 'இன்சூரன்ஸ்' என்ற சொல்லில் இருக்கிறது. கட்டண விவரத் தாளில் வண்டி வாடகை, பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று வரிசையாக வந்து, கீழே இன்சூரன்ஸ் என்று மதிப்பில் இத்தனை சதவீதம் போட்டிருக்கும். சில தாள்களில் அது எஃப்ஓவி என்ற மூன்றெழுத்தாக இருக்கும். சரக்கின் மதிப்பின் மேல் போடுகிற கட்டணம் என்பது அதன் விரிவு. இரண்டும் ஒன்றுதான் என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். ஒன்றில்லை. எஃப்ஓவி என்பது, சேதத்துக்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம் என்று லாரி நிறுவனம் தன் சொந்த வாக்குறுதிக்கு வாங்குகிற பணம். நாளை அந்த நிறுவனம் போனை எடுக்காவிட்டால் அந்த வாக்குறுதிக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை. காப்பீடு என்பது ஐஆர்டிஏஐ அமைப்பிடம் பதிவு பெற்ற காப்பீட்டு நிறுவனம் மட்டுமே தரக்கூடியது. அதற்குப் பாலிசி எண் இருக்கும், சாமான் அனுப்புபவரின் பெயர் இருக்கும், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று இருக்கும். அந்தத் தாள் கைக்கு வராத வரைக்கும் இன்சூரன்ஸ் என்ற பெயரில் கொடுத்த பணம் காப்பீடாகாது.

பாலிசி கைக்கு வந்த பிறகும் சொற்கள் விடுவதில்லை. சாலைவழிப் பயணக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. சி வகையில் தீ, மின்னல் இரண்டுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. பி வகையில் வண்டி மோதுவது, கவிழ்வது போன்ற விபத்துகளும் சேரும். ஏ வகைதான் விலக்கப்பட்டவை நீங்கலாக எல்லா ஆபத்துக்கும் பொருந்துவது. பள்ளத்தில் வண்டி குலுங்கி டிவி திரை விரிசல் விட்டவரிடம் சி வகைப் பாலிசி இருந்தால், அதில் அவருக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. பல பாலிசிகளில் சராசரி விதி என்று ஒன்றும் வரும். 4,00,000 ரூபாய் சாமானை 2,00,000 என்று பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தால், 40,000 ரூபாய் டிவி உடைந்தாலும் பாதி இழப்பீடு, 20,000 மட்டுமே. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு இந்த விலை என்று கையெழுத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், யார்தான் மதிப்பைக் குறைத்து எழுதுவார்கள்?

அளவுக்கான சொற்களிலும் இதே குழப்பம். வீட்டுக்காரர் போனில் "டூ பிஎச்கே" என்கிறார். அது வீட்டின் அறைக்கணக்கு, சாமானின் கணக்கு ஆகாது. கல்யாணமாகி ஆறு மாதமான தம்பதியின் இரண்டு படுக்கையறை வீடும், மூன்று தலைமுறைப் பாத்திரங்களும் ஒரு சுவர் நிறையப் புத்தகங்களும் உள்ள இரண்டு படுக்கையறை வீடும் ஒன்றாகுமா? லாரிக்காரருக்கு வீடு அடியில்தான் தெரியும்: பதினாலு அடி வண்டியா, பதினேழு அடியா, பத்தொன்பதா. அரசாங்கம் அதையே எடையில் பார்க்கிறது. மத்திய அரசு ஊழியர் இடமாற்றத்துக்கான ஏழாவது ஊதியக் குழு விதிகளில், ஊதிய நிலை 6-இலும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு 6,000 கிலோ வரை வீட்டுச் சாமான் என்றும், நிலை 4-இலும் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்கு 1,500 கிலோ என்றும் வரம்பு உண்டு. ஒரே வீட்டை ஒருவர் அறையாலும் ஒருவர் அடியாலும் ஒருவர் கிலோவாலும் அளக்கும்போது, போனில் சொன்ன தொகை வாசலில் மாறுவதற்கு எல்லாக் கதவும் திறந்துவிடுகிறது. ஆளை நேரில் வரச்சொல்லி, அல்லது வீடியோ அழைப்பில் அலமாரிகளைத் திறந்து காட்டி, சாமான் பட்டியலோடு தொகையை எழுத்தில் வாங்காதவரை, அந்தத் தொகை ஓர் ஊகம் மட்டுமே.

'ரிட்டர்ன் லோடு' என்றால் வேறு ஊருக்குச் சரக்கு இறக்கப் போன வண்டி காலியாகத் திரும்பாமல் வழியில் ஏற்றிக்கொள்வது. வாடகை குறையும், வண்டி கிடைக்கிற நாள்தான் கிளம்புகிற நாள். 'பார்ட் லோடு' என்றால் ஒரே லாரியில் வேறு சரக்கும் சேர்ந்து வரும், நடுவில் கிடங்கில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவதும் நடக்கும். இரண்டுமே நியாயமான வழிகள்தான். குறைந்த தொகையை மட்டும் சொல்லி இந்தச் சொற்களை விழுங்கிவிடுவதுதான் தவறு. பள்ளி திறக்கும் நாளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய குடும்பத்துக்கு, ஐந்து நாள் எங்கோ ஒரு கிடங்கில் கிடக்கிற தலையணையும் குழந்தைகளின் பாடப்புத்தகமும் சின்ன விஷயமில்லை.

இத்தனைக்கும் இந்தத் தொழிலின் எல்லாச் சொற்களும் இப்படி இருட்டில் நிற்பவை இல்லை. டாடா நிறுவனம் 2005-இல் ஏஸ் என்ற சிறுவண்டியைக் கொண்டுவந்தது. சுமார் 7 அடி நீளத் தட்டு, முக்கால் டன் சுமை. தமிழ்நாடு அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்தது. அந்தப் பேரைக் கேட்டதுமே யாருக்கும் தெரியும்: சின்னதுதான், ஆனால் சுமக்கும், சந்துக்குள் நுழையும். "ஒரு குட்டியானை போதும்" என்றால் இரண்டு தரப்புக்கும் ஒரே படம் கண்ணில் வரும். நானூற்றி ஏழு என்றால் அதற்கு அடுத்த பெரிய வண்டி. லோடுமேன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி, டிரைவர் பேட்டா, தார்ப்பாய் என்று தெருவில் பிறந்த சொற்களில் வஞ்சகம் குறைவு. மாடிக்கூலிக்குப் பேரம் நடக்கும், சத்தம்கூட வரும். ஆனால் எதற்காகப் பேரம் என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த லோடுமேன்களின் அறிவைக் காகிதத்தை அச்சடிப்பவர்கள் மதித்தால் பாதிச் சேதம் குறையும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினை வாங்கும்போது, உள்ளே டிரம் ஆடாமலிருக்கப் பின்புறம் நீளமான போல்ட்டுகள் முடுக்கியிருக்கும். மெஷினைப் பொருத்த வருபவர் அவற்றைக் கழற்றிக் கொடுப்பார், வீட்டில் யாராவது பழைய இரும்போடு போட்டுவிடுவார்கள். அனுபவமுள்ள லோடுமேன் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, "அந்த போல்ட்டு வச்சிருக்கீங்களாம்மா?" ஃப்ரிட்ஜைப் படுக்கப் போடக் கூடாது, புத்தகத்தைச் சின்ன அட்டைப்பெட்டியில்தான் கட்ட வேண்டும், கண்ணாடிச் சட்டத்தைச் செங்குத்தாகத்தான் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிற படிப்பு. இப்படிப்பட்ட உழைப்பாளர்களின் பணி நிலைமைக்காகத் தமிழ்நாட்டில் 1982-இலேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, நலவாரியமும் இருக்கிறது. ஆனாலும் பொருள் உடைந்தால் நிறுவனம் முதலில் கைகாட்டுவது அவரைத்தான். அன்றைய கூலியில் பிடித்துவிட்டு, வாடிக்கையாளரிடம் ஓனர் ரிஸ்க் என்று சொல்லிவிட்டால் நிறுவனத்துக்கு எந்தப் பக்கமும் இழப்பில்லை. தெளிவில்லாத சொல் இரண்டு பக்கத்து எளியவர்களையும் சேர்த்தே அடிக்கிறது.

எல்லாவற்றிலும் கொடுமையானது 'பேலன்ஸ்' என்ற சொல். பாதி வழியில் போன் வரும். சாமான் சொன்னதைவிட அதிகம், வண்டி பெரிதாகப் போட்டாகிவிட்டது, இத்தனை ஆயிரம் கூடுதலாக அனுப்பினால்தான் இறக்குவோம் என்பார்கள். புது வீட்டில் வெறும் தரையில் உட்கார்ந்திருக்கிற குடும்பம் என்ன செய்யும்? பேசிய வாடகை பாக்கியிருந்தால் அதற்காகச் சரக்கைப் பிடித்துவைக்க ஏற்றிச் செல்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் பேசியது எவ்வளவு என்று எழுத்தில் இருந்தால், அதற்கு மேல் கேட்டு மடக்குவது வேறு கதை. ஒப்படைத்த சரக்கை ஏற்றிச் செல்பவரே நேர்மையின்றிக் கையாடுவது நம்பிக்கை மோசடி. பாரதிய நியாய சம்ஹிதையின் 316-ஆம் பிரிவில் இதற்கென்று தனி உட்பிரிவும், ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் இருக்கின்றன. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்தின் எண் 407. சாமான் ஏற்றிப்போகிற அதே வண்டியின் எண்.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாற்றித் தரும் நிறுவனங்கள், வாடிக்கையாளரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் விளக்குகிற ஒரு கையேட்டைத் தந்தாக வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் விதி. மதிப்பீட்டுத் தொகை என்ற ஒரே சொல்லை அங்கே இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டுப்படுத்தும் மதிப்பீடு என்றால் சொன்ன தொகைதான். கட்டுப்படுத்தாத மதிப்பீடு என்றால் தொகை கூடலாம், ஆனால் இறக்கும் நேரத்தில் மதிப்பீட்டின் 110 சதவீதத்துக்கு மேல் கேட்டு சாமானைப் பிடித்துவைக்க முடியாது. மிச்சத்துக்குப் பிறகு பில் அனுப்பிக்கொள்ள வேண்டியதுதான். இழப்பீட்டிலும் இரண்டு சொற்கள். முழு மதிப்புப் பாதுகாப்பு என்பது ஒன்று. கூடுதல் கட்டணம் இல்லாத இன்னொன்றில், பொருளின் எடைக்குப் பவுண்டுக்கு 60 சென்ட் மட்டுமே கிடைக்கும். 50 பவுண்டு எடையுள்ள டிவி, அது என்ன விலையாக இருந்தாலும், 30 டாலர்தான். இது தாராளமான விதி என்று யாரும் சொல்ல முடியாது. அங்கேயும் சாமானை மடக்கிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 30 டாலர்தான் வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

இங்கே அதைச் செய்ய முடியாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. வங்கிக் கடனில் முக்கிய விவரங்களைத் தனித் தாளில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் விதி கொண்டுவந்துவிட்டது. மருத்துவக் காப்பீட்டிலும், கேட்பவருக்கு உள்ளூர் மொழியில் தகவல் தாள் தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. சாலைவழிச் சரக்கு நிறுவனங்கள் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் தொழில் நடத்தக்கூடாது என்று 2007 சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அந்தப் பதிவையும் புதுப்பித்தலையும் கேட்டு வருகிற ஒவ்வொரு நிறுவனத்திடமும், வீட்டுச் சாமானுக்கென்று ஒரு பக்கத் தமிழ்த் தாளைத் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை கேட்கலாம். அந்தப் பக்கத்தில் ஏழெட்டு வரிகள் போதும். பேசிய மொத்தத் தொகை, அது கூடுமா கூடாதா. வண்டி தனியா, மற்ற சரக்கோடு சேர்ந்தா. சாமானின் மதிப்பு, அதை எழுதியது யார். உடைந்தால் நிறுவனம் தருவது அதிகபட்சம் எவ்வளவு. வாங்கியது காப்பீடா, நிறுவனத்தின் வாக்குறுதியா. காப்பீடென்றால் பாலிசி எண் என்ன, எந்த வகை. மாடிக்கூலி, கட்டில் கழற்றி மாட்டும் கூலி, வண்டி காத்திருக்கும் கூலி இதில் அடங்குமா. புகார் செய்ய எந்த எண்.

தமிழில் கொடுத்தாலும் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நிறுவனங்கள் கேட்கலாம். கல்யாண மண்டபத்து ரசீதில் கரண்ட் பில் யார் கணக்கு, பாத்திரம் தொலைந்தால் என்ன அபராதம் என்று ஒவ்வொரு வரியாகப் படித்துச் சண்டை போடுகிற மக்கள்தான் இவர்கள். புரிகிற மொழியில், புரிகிற சொல்லில் இருந்தால் வாசிப்பார்கள். நேர்மையாகத் தொழில் செய்கிற நிறுவனங்களுக்கு இதனால் இழப்பு ஒன்றுமில்லை. குறைந்த தொகை சொல்லி ஆளைப் பிடித்து நடுவழியில் தொகையை ஏற்றுகிறவர்களோடு போட்டி போட முடியாமல் திணறுகிறவர்களும் அவர்கள்தான்.

அந்தத் தாள் வரும் வரைக்கும் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. நகை, பணம், பத்திரம் மூன்றையும் வண்டியில் ஏற்றக் கூடாது. வெளியூர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து வைப்புத் தொகையை வாங்கிக்கொள்ள வேண்டும். சாமான் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் செல்போனில் படமெடுத்து, பெட்டிகளுக்கு எண் போட்டு, அந்த எண்களைப் பட்டியலில் எழுதவைக்க வேண்டும். மதிப்புக் கட்டத்தைத் தன் கையாலேயே நிரப்ப வேண்டும்.

புது வீட்டு வாசலில் இன்னொரு கையெழுத்து கேட்பார்கள். 'எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். பெட்டிகள் இன்னும் கட்டுப் பிரிக்காமல் கூடத்தில் குவிந்து கிடக்கும்போது அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, 'பெட்டிகள் திறந்து பார்க்கப்படவில்லை' என்று தமிழில் எழுதி, நேரத்தையும் போட்டு, அந்தத் தாளைப் படமெடுத்துக்கொள்ளலாம். சேதம் தெரியவந்தால் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப 180 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அறிவிப்பு போகாவிட்டால் வழக்குத் தொடர முடியாது. அந்த 180 நாள், சாமான் வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.